வென்று அழுதவர்களின் முப்பது வீதம்

சூதாட்டத்தில் தோற்றவர் ஒருவரைக்கூட நான் வேலை விஷயமாகச் சந்தித்ததில்லை. என் தொழில் முழுக்க, வென்றுவிட்டு அழுகிறவர்களோடுதான்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் சபேசன் அண்ணையின் பயண முகவர் கடையில் வேலை செய்தேன். முன்பக்கம் விமான டிக்கெட், தொலைபேசி அட்டை, பின்பக்கம் கருவாடு. ஊரில் ஆங்கிலத்தில் கணக்குப் படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக, அமெரிக்காவிலிருந்து வருகிற எந்தக் கடுதாசியும் என் மேசைக்குத்தான் வரும். அரச அலுவலகங்களில், எங்கள் பேச்சில் கந்தோர்களில், நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருந்து, முறை வந்ததும் "இந்தக் கடுதாசி இல்லை, மற்றது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில்லறைச் சுருள்

நியூஜெர்சிப் பக்கம் கலியாணத்துக்குப் போகிற எங்கள் சனத்தை, மறுநாள் காலையே வீட்டுக்காரர் அட்லாண்டிக் சிட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். வீடு நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு அவர்களும்தான் என்ன செய்வார்கள்? பஸ் கட்டணம் கொஞ்சம். இறங்கியதும் ஆளுக்கொரு சுருள் சில்லறையைச் சூதாட்டக் கூடமே கையில் தரும், விளையாடிப் பார் என்று. ஓசியில் வருவதை எங்கள் சனம் விடுமா?

சூதாட்ட மெஷினில் பெரிய தொகை விழுந்தால்தான் வில்லங்கம். வெளிநாட்டுக்காரர் என்றால் நூற்றுக்கு முப்பதை அமெரிக்க வரிக்கென்று அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் வசிப்பவருக்கு, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி, அது முழுவதும் திரும்பக் கிடைக்கும். எந்த நாட்டில் பிறந்தவர் என்பதல்ல, எங்கே வசிக்கிறார் என்பதுதான் கேள்வி. ஆனால் கேட்டால்தான் தருவார்கள். கேட்பதற்கு ஒரு படிவம், அமெரிக்க வரி எண், உறுதி செய்த பாஸ்போர்ட் பிரதி, "இவர் இங்கேதான் வசிக்கிறார்" என்று எங்கள் ஃபினான்ஸ்அம்ட், அதாவது வரிக் கந்தோர், தருகிற சான்று, கூடவே நிறையப் பொறுமை.

இதையெல்லாம் நான் முதன்முதலாக விளக்கியது மரியதாஸ் அண்ணைக்கு. மன்னார்க்காரர், ஓர் உணவகத்தில் சமையல். கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, வெல்லுறதுக்கு எனக்கு ஒரு நிமிசமும் எடுக்கேல்லை. அதுக்குப் போய் இவ்வளவு தண்டனையோ?"

பிளாஸ்டிக் போட்ட கடுதாசி

எவ்வளவு பிடித்தார்கள் என்று சூதாட்டக் கூடம் தருகிற கடுதாசியின் மூலத்தைப் படிவத்தோடு சேர்த்துத் தைத்து அனுப்ப வேண்டும். மரியதாஸ் அண்ணை கொண்டுவந்த கடுதாசி தகதகவென்று மின்னியது. லமினேட் செய்திருந்தார். அகதியாக வந்த எவனும் ஒரு கடுதாசி கிழிந்ததால் படாத பாடு பட்டவன். கையில் எது வந்தாலும் பிளாஸ்டிக் போட்டுவிடுவான். எனக்குக் கோபம் வந்தது. பிறகு என் கைப்பையில் இருந்த என் வேலை அனுமதி ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் பிளாஸ்டிக்தான்.

மூலையில் மெல்லக் கீறி உரித்துப் பார்த்தோம். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் சேர்ந்து வந்தது. இன்னொரு பிரதி கேட்டுக் கூடத்துக்கு எழுதிப் போட்டேன். புதியது வந்த அன்று, அவர் கையில் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். மனிதர் கதவுவரை போய்த் திரும்பி வந்தார்: "தங்கச்சி, கோவிக்காதேங்கோ. ஒரு மெல்லிசுப் பிளாஸ்டிக் எண்டாலும் போட்டு வைப்பமே?"

அந்தோனியாரின் பங்கு

பிடித்த காசு திரும்பி வந்தால் பத்திலொன்று அந்தோனியாருக்கு என்று மரியதாஸ் அண்ணை நேர்ந்திருந்தார். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர்தானே. செக் வந்ததும் அடுத்த தலையிடி வந்தது. திரும்பி வந்த காசில் பத்திலொன்றா, வென்ற முழுக் காசிலுமா? நேரும்போது அவர் அதைத் தெளிவாகச் சொல்லவில்லையாம். என்னிடம் கேட்டார். இது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை, பங்குச் சுவாமியாரைக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை முகம் தொங்கிப்போய் வந்தார். "முழுக் காசிலயும் குடு எண்டு சுவாமி சொல்லிப்போட்டார். அமெரிக்கன் முப்பது எடுத்தாலும் படிவம் போட்டுத் திருப்பி வாங்கலாம் தங்கச்சி. அந்தோனியார் எடுக்கிற பத்தை ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

கை யாருடையது?

இனி யோகன் அண்ணையின் கதை. யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு களஞ்சியத்தில் வேலை. மனைவி பவளம் அக்கா. மனைவியின் தங்கை லீலாவும் அவர்களோடுதான், பிள்ளைகளின் அறையில் ஒரு கட்டிலில். லீலாவை ஜெர்மனிக்குக் கூப்பிட்டதே ஒரு மாப்பிள்ளைக்காக. அவள் வந்து இறங்கிய கிழமை மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டான். அந்த மாதமே யோகன் அண்ணைக்குப் பழைய தொழிற்சாலையில் வேலை போனது. அன்றிலிருந்து லீலா ராசியில்லாதவள். உடுப்புத் தோய்க்கிற மெஷின் நின்றாலும் அவள்தான், பிள்ளைக்குக் கணக்கில் புள்ளி குறைந்தாலும் அவள்தான். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே வரவேண்டாம் என்று பவளம் அக்காவே சொல்வாவாம்.

யோகன் அண்ணையின் தம்பியின் கலியாணத்துக்கு மூவரும் நியூஜெர்சி போனார்கள். மறுநாள் வழக்கம்போலப் பஸ். கொடுத்த மூன்று சுருளையும் யோகன் அண்ணை தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஒரு மெஷினோடு மல்லுக்கட்டினார். இரண்டு சுருள் முடிந்தது. மூன்றாவதை உடைத்த கையோடு கழிவறைக்குப் போகவேண்டி வந்தது. "இந்த மெஷினை விட்டிடாதை, வேற ஆரும் இருந்திடுவினம்" என்று உடைத்த சுருளை லீலாவின் கையில் கொடுத்து, அவளைக் காவலுக்கு இருத்திவிட்டுப் போனார். விளையாடாமல் இருக்கக்கூடாது என்று அங்கே வேலை செய்த பெண் வந்து சொல்ல, லீலா பயந்துபோய்ச் சில்லறையைப் போட்டுப் பொத்தானை அமத்தினாள். எண்ணாயிரம் டொலர் விழுந்தது. யார் கை அமத்தியதோ அவர் பேரில்தான் கடுதாசி எழுதுவார்கள். ஐயாயிரத்து அறுநூறு யோகன் அண்ணையின் பொக்கற்றுக்குப் போனது. பிடித்தது இரண்டாயிரத்து நானூறு.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, வென்றது தான்தான் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் அந்தக் கடுதாசியை வைத்து, பேரை மாற்றித் தரச் சொன்னார். ஏலாது என்றேன். லீலா கையெழுத்துப் போட்டால்தான் காசு வரும், செக்கும் லீலாவின் பேரில்தான் வரும் என்றேன். மனிதருக்கு வேர்த்துவிட்டது. "உது என்ன நியாயம் தங்கச்சி? நான் அஞ்சு நிமிசம் எழும்பிப் போனது குற்றமோ? அவள் சும்மா கதிரைக்குக் காவல் இருந்தவள்!"

மணிக்குப் பக்கத்தில் ஒரு பேர்

வசிப்பிடச் சான்றுக்கு லீலாவைக் கூட்டிக்கொண்டு வரிக் கந்தோருக்குப் போனேன். அங்கே புதிதாக வந்திருந்த அம்மாவுக்குச் சூதாட்ட விஷயமாக வந்த முதல் ஆட்கள் நாங்கள்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டா. லீலா மெதுவாக, "அக்கா வீட்டில" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். வீடு யாருடையது என்பது தனக்குத் தேவையில்லை, இந்த ஊரில் பதிந்திருக்கிறாவா, வேலை இருக்கிறதா, சம்பளத்தில் வரி போகிறதா என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டா. மூன்றும் இருந்தன. லீலா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நாலு வருடமாக வேலை செய்கிறாள். "பிறகென்ன, இவ இந்த ஊர்க்காரிதானே" என்று சொல்லி முத்திரையைக் குத்தினா.

திரும்பி வரும்போது டிராமில் லீலா வாய் திறந்தாள். இல்லத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீடு பார்த்திருக்கிறாளாம். வீட்டுக்காரிக்கு இவளைப் பிடித்துவிட்டது. ஆனால் முற்பணம், அதுதான் கவுசியோன், மூன்று மாத வாடகை வேண்டும். நத்தார்வரை, அதாவது கிறிஸ்மஸ்வரை, வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பாவாம். சம்பளம் வீட்டுச் செலவுக்கும் அத்தானின் கடனுக்கும் போய்விடுகிறது. இந்த இரண்டாயிரத்து நானூறு வந்தால் வீடு, வராவிட்டால் பிள்ளைகளின் அறைக் கட்டில். இறங்குகிற இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அந்த வீட்டு மணிக்குப் பக்கத்தில என்ர பேர் மட்டும்தான் இருக்கும்."

செக் வந்த நாள்

அந்த வருடம் நான் வழி பார்த்த மாதிரித் தபால்காரனை யாரும் வழி பார்த்திருக்க மாட்டார்கள். இலை உதிர்ந்தது, குளிர் வந்தது, காசு வரவில்லை. நத்தாருக்கு முன் கிழமைதான் கடை விலாசத்துக்குச் செக் வந்தது. லீலாவுக்குப் போன் போட்டேன். சபேசன் அண்ணையின் வாயில் எதுவும் நிற்காது. லீலா வருவதற்கு முன்பே யோகன் அண்ணையும் பவளம் அக்காவும் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்துவிட்டார்கள்.

லீலா சமையலறை ஏப்ரனுக்கு மேல் கோட்டைப் போட்டபடி ஓடி வந்தாள். செக்கை அவள் கையில்தான் கொடுத்தேன். யோகன் அண்ணை கையை நீட்டினார். "லீலா, கை உன்ர. இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா போட்ட காசு என்ர."

லீலா செக்கை மடித்துக் கோட்டுக்குள் வைத்தாள். "அத்தான், அந்தச் சில்லறை மூண்டாவது சுருள். பஸ்ஸால இறங்கேக்க எனக்கெண்டு தந்தது. நீங்கள் பொக்கற்றில வைச்சிருந்தனீங்கள், அவ்வளவுதான். அங்க உங்கட பொக்கற்றுக்குப் போன காசை நீங்களே வைச்சிருங்கோ, நான் கேக்கேல்லை. இது நான் கையெழுத்துப் போட்ட காசு. எனக்கு வீடு வேணும்."

யோகன் அண்ணை உதவிக்கு மனைவியைப் பார்த்தார். பவளம் அக்கா தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் பெண் இப்படி நேரே நிமிர்ந்து பேசி அவ எப்போது கண்டிருப்பா? பிறகு கணவன் பக்கம் திரும்பினா: "அவள் சொல்லுறது சரிதானே. ரெண்டாவது சுருள் என்ரயப்பா. அது எங்க?"

புதுக்கார்

நத்தாருக்கு முதல்நாள் லீலா அந்த வீட்டுக்குப் போனாள். மணிக்குப் பக்கத்தில் பேர் ஒட்டியதைப் பார்க்க என்னைக் கூட்டிப் போனாள். கதவுக்கு வெளியே நின்று நானே மணியை அடித்தேன். இரண்டு பேருமே சிரித்தோம், பிறகு இரண்டு பேருமே அழுதோம்.

செக் வந்த கதை ஊர் முழுக்கப் பரவியதும் ராசியில்லாதவள் கைராசிக்காரி ஆகிவிட்டாள். கடைக்கு வருகிற பெண்கள் லொட்டோ லாட்டரித் துண்டை நீட்டி, லீலாவைக் கொண்டு ஒரு புள்ளடி போட்டுத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார்கள். வசந்தத்தில் யோகன் அண்ணை பழைய கார் ஒன்று வாங்கினார். அதைக் கடை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, நாலு எலுமிச்சம்பழத்தைச் சில்லுகளுக்கு அடியில் வைத்து, வேலை முடிந்து வந்த லீலாவிடம் கார்த் திறப்பை நீட்டினார், நீதான் முதலில் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று. பவளம் அக்கா, முன்பு எதிரே வராதே என்று சொன்ன அதே பவளம் அக்கா, தங்கையைக் கையைப் பிடித்துக் காருக்கு முன்னால் கொண்டுவந்து விட்டா.

லீலா திறப்பை வாங்கவில்லை. அத்தானை ஒருதரம், காரை ஒருதரம் பார்த்தாள். "ஸ்டார்ட் பண்ணுறன் அத்தான். ஆனா ஒண்டு. ஓடினா என்ர கைராசி எண்டு சொல்லுறீங்கள் எண்டால், நிண்டால் வித்தவனோட போய்க் கதையுங்கோ. என்னட்டை வரப்படாது. இதை அக்காவுக்கு முன்னால இப்பவே சொல்லுங்கோ."

அமெரிக்கன் பிடித்ததைத் திருப்பி வாங்கப் படிவம் இருக்கிறது. எங்கள் சனம் ஒருத்தியிடமிருந்து பிடித்து வைத்ததைத் திருப்பி வாங்க, அவளேதான் வேலை உடுப்போடு ஓடி வந்து வாய் திறக்க வேண்டியிருக்கிறது.