ஜன்னலில் ஆறவைத்த ஆப்பிள்

என் மருமகளின் அக்கா பாண்டியில் இருக்கிறாள். புது ஓவன் வாங்கியதும் பழைய ஓவனை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். வேண்டாத சாமானைத் தருமம் என்று கொடுக்கிறவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அதை அன்றைக்கு முழுசாகப் பார்த்தேன். ஒரு வருஷமாக அந்த ஓவன் துணி போர்த்திக்கொண்டு அடுப்படியில் நின்றது. அதன் தலையில் என் மூட்டுவலித் தைலமும் கொசுவத்தியும். உள்ளே வெங்காயம்.

அக்காக்காரி போன் பண்ணும்போதெல்லாம், "அதுல என்னடி செஞ்ச?" என்பாள்.

"நேத்துகூட கேக்கு போட்டேன்க்கா" என்று மருமகள் கூசாமல் புளுகுவாள். வெங்காயம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் வந்துவிட்டது. "சாயங்காலம் வர்றேன். என் ஓவன்ல ஏதாச்சும் செஞ்சு வை. பாக்கலாம்." அந்தப் பாக்கலாமில் மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் இருக்கிறது. கல்யாணத்தன்று எங்கள் ஊர் உப்புக் குவியல்களைப் பார்த்த அக்கா, பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இங்கயா வாழப்போற? ஒரே வருஷத்துல ஊறுகா ஆயிடுவடி!" பந்தியே சிரித்தது. அன்றையிலிருந்து என் மருமகள் தான் ஊறுகாய் ஆகவில்லை என்று காட்டத்தான் உயிர் வாழ்கிறாள். தன்னைப் பார்த்துச் சிரித்தவளிடமே நல்ல பெயர் வாங்கத் தவிக்கிறவளை என்னவென்று சொல்வது? எனக்கு இளப்பமாகத்தான் இருந்தது.

போனில் ஒரு வீடியோ கண்டுபிடித்தாள். கிரம்பிள் என்று பெயராம்.

"ரொம்ப ஈஸி அத்தை. பழத்த நறுக்கணும், மாவுல வெண்ணெயப் போட்டுப் பிசிறணும், மேல தூவி ஓவன்ல வைக்கணும். அவ்ளோதான்."

வீடியோவில் பேசினவளின் அடுப்படி எங்கள் வீட்டைவிடப் பெரிது. அங்கே எல்லாம் ஈஸியாகத்தான் இருக்கும். கட்டிலுக்கடியில் வைக்கோலுக்குள் மாம்பழம் பழுத்து வாசம் தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன்.

"வீடியோல ஆப்பிள்னுதான் போட்டிருக்குது அத்தை."

புருஷனை ஓடவிட்டு ஆப்பிள் வாங்கிவரச் சொன்னாள். ஒட்டுச்சீட்டு ஒட்டி, மெழுகு பூசி, கடித்தால் மாவாகப் போகிற ஆப்பிள். அதை நறுக்கி, சர்க்கரை தூவி, பிரியாணிக்குப் போடுகிற பட்டையைப் பொடித்துப் போட்டாள். மாவுக்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டுமாம். அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்தாள். பிங்க் சால்ட்.

முப்பது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் வாரினவள் நான். பின்வாசலைத் திறந்தால் குவியல் குவியலாக உப்பு. அந்த வீட்டில் இவள் ரோஸ் கலரில் உப்பு வாங்கி வைத்திருக்கிறாள். எந்த மலையில் ஏறி வாரினார்களாம் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. என் வாய் அப்படி. உள்ளே நன்றாகப் பேசும், வெளியே வராது. அஞ்சாவது வரை படித்தபோதும் வாத்தியார் கேட்ட கேள்விக்கு மனசுக்குள்ளேயே பதில் சொல்லி அடி வாங்கினவள்.

வெக்கையில் வெண்ணெய் உருகி, புட்டு மாவுபோல உதிர வேண்டியது சப்பாத்தி மாவுபோல ஒட்டிக்கொண்டது. பிரிட்ஜில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பாத்திரம் மேல் பாத்திரம் விழுந்தது. ஈஸி என்றால் கழுவுகிறவள் வேறு ஆள் என்று அர்த்தம்.

ஆனாலும் ரெண்டு மணிக்கு ஓவனைத் திறந்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. மேலே பொன்னிறமாக, கரண்டியால் தட்டினால் டக்கென்று சத்தம். மருமகள் போட்டோ எடுத்தாள். பிறகு அதைத் தூக்கி, மூடாமல், கிழக்கு ஜன்னலில் வைத்தாள்.

"ஆற வைக்கணும்னு போட்டிருக்குது அத்தை."

அந்த ஜன்னலுக்கு நேரே உப்பளம், அதைத் தாண்டினால் கடல். எங்கள் ஊரில் உப்பு வாரினவர்களுக்குக் கடிகாரம் வேண்டாம். காலையில் மேற்கேயிருந்து வருவது காய்ந்த காற்று. அது அடித்தால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பிவிடும். கடல்காற்று வந்தால் சாடியில் இருக்கிற உப்புகூட வேர்க்கும். பொரித்த அப்பளத்தை அந்த ஜன்னலில் வைத்தால் துணிபோல மடித்து வைக்கலாம்.

எனக்குத் தெரியும். மூடி வையம்மா என்று ரெண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கூச்சம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆப்பிளுக்கும் ரோஸ் உப்புக்கும் சேர்த்து அனுபவிக்கட்டும் என்று இருந்தது. உள்ளே போய்ப் படுத்தேன். நல்ல தூக்கம்.

அஞ்சு மணிக்கு அக்கா வந்தாள். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தாள். சுவரைப் பார்த்தாள்.

"செவுத்துலயே உப்பு பூத்திருக்குது பாருடி. கடைக்கே போவ வேணாம், சொரண்டிக்கலாம்."

ஆள் வந்தால் அடுப்படிக்குள் ஒதுங்குவது என் வழக்கம். ஒதுங்கினேன். மருமகளும் உள்ளே வந்து கரண்டியை எடுத்தாள். டக்கென்று கேட்கவில்லை. கரண்டி களிமண்ணில் இறங்குவதுபோல இறங்கியது. ஓடிப்போய் ஓவன் சுவிட்சைத் தட்டினாள். கரண்ட் இல்லை. அப்படியே சிலிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு அத்தை இதுக்கு?"

"கடல்காத்து."

"அவ சிரிப்பா அத்தை. ஊறுகான்னு சொல்வா. எங்கம்மா வீடு பூரா போன் போட்டுச் சொல்வா."

சத்தம் வெளியே போகாமல் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சின்னப் பிள்ளை அழுகை. அன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை பேரை இளப்பமாக நினைத்தேனோ, அவ்வளவும் அப்போது என் பக்கம் திரும்பியது. நாற்காலியைத் துடைத்தவளாவது முகத்துக்கு நேரே செய்தாள். நான் தூங்கிக்கொண்டே செய்தேன்.

தோசைத் திருப்பியால் மேல்மாவு முழுவதையும் வழித்தேன். இரும்புச் சட்டியில் போட்டு, சிறு தீயில் ரவை வறுக்கிற மாதிரி கிளறினேன். முதலில் சேறாகத் திரண்டது. விடாமல் கிளறினேன்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "என்னடி சத்தம்? உப்புமா கிண்டுறியா?"

"இதோ வர்றேன்க்கா!" மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

ஈரம் போய் மாவு மணி மணியாகப் பிரிந்தது. சிவந்தது. சட்டியில் பொடிக்கல் உருளுகிற சத்தம் வந்ததும் இறக்கினேன். கிண்ணத்தில் ஆப்பிளைப் போட்டு, மேலே சுடச்சுடத் தூவிக் கொடுத்தேன்.

அக்கா மெல்லுகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. மொறுக், மொறுக். மருமகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லடி" என்றாள் கடைசியில். "ஓவன் நல்ல ஓவன்."

இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினாள்.

மருமகள், "இல்லக்கா, இத எங்க அத்தைதான்..." என்று ஆரம்பித்தாள். நான் கதவோரத்திலிருந்து வேகமாகத் தலையை ஆட்டினேன். வேண்டாம். அவள் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். வறுத்தவள் நான் என்றால், நமுக்க விட்டவளும் நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

"மீதிய டப்பால போட்டுக் குடு. அவரு சாப்புடட்டும்" என்றாள் அக்கா. மருமகள் போட்டு மூடப்போனாள்.

"ஏய், சூடா இருக்குது, மூடாதடி! தொறந்து ஜன்னல்ல வை, ஆறட்டும். இதெல்லாம்கூட உனக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"

மருமகள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன். மருமகள் போய் ஜன்னலில் வைத்தாள். காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. அக்கா இருட்டுகிற வரை பேசிவிட்டுத்தான் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் போன். அடுப்படி முழுக்கக் கேட்டது.

"ஏண்டி, வீட்டுக்கு வந்து பாத்தா கூழா இருக்குது?"

"இங்க மொறுமொறுன்னுதானக்கா இருந்திச்சு. பாண்டில வச்சா ஊறிடும்போல."

நான் வெங்காயத்தைத் திரும்ப ஓவனுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.