செல்லையா அண்ணன் வீட்டுச் சாய்வுப் பலகை

பிளைவூட் ஓரத்தைக் கத்தி போலச் சீவித் தரச் சொல்லும் யாரும், அதை வெட்டுகிறவனின் விரலைப் பற்றி விசாரித்ததில்லை. இதைப் படிக்கிற தச்சர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

முதல் வெட்டு

லூனாஸில் என் பட்டறைக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் செல்லையா அண்ணன் இருக்கிறார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி வாசற்படியைத் தாண்ட ஒரு சாய்வுப் பலகை கேட்டார்.

என் ரம்ப மெஷினில் பிளேடு ஓரளவுக்கு மேல் சாயாது. சாய்ந்த வரைக்கும் வெட்டிக் கொடுத்தேன். ஓரம் தடிப்பாக நின்றது. வெளியிலிருந்து உள்ளே ஏறும்போது முன்சக்கரம் அதில் இடித்து நின்றுவிட்டது. அண்ணன் கோபப்படவில்லை. "கல்லு ரோட்லயே லோரிய ஏத்துனவன் நான். இத ஏற முடியல பாரு தம்பி," என்றார்.

நிமிர்த்தி வெட்டியது

அடுத்த முறை பலகையை நிமிர்த்தி, உயரமான கட்டையோடு இறுக்கி, கோட்டின் மேல் டேப் ஒட்டி வெட்டினேன். டேப் இல்லாவிட்டால் மேல் ஏடு பிய்ந்துவிடும். ஓரம் தரையோடு படிந்தது. அண்ணன் யாரையும் கூப்பிடாமல் தானே போய்த் தானே வந்தார். அவர் மனைவி சரசு அக்கா, "இப்பதான் தம்பி இவரு மொகம் தெளிஞ்சிருக்கு," என்றார்.

பாய் கடை

அவர் தினமும் எங்கே போனார் என்பது பிறகுதான் தெரிந்தது. பாய் கடையில் லாரிக் கூட்டாளிகளோடு டின் பால் ஊற்றிய இனிப்புத் தேநீர், தே தாரேக். வீட்டில் அக்கா சீனி டப்பாவை ஒளித்துவைக்க, வெளியே வழி போட்டுக் கொடுத்தவன் நான். மற்றக் காலும் புண்ணாகி, அதையும் எடுத்தார்கள்.

அக்கா பட்டறைக்கு வந்தார். திட்டியிருந்தால் தேவலை. "நீங்க போட்டத நீங்களே எடுத்துட்டுப் போய்டுங்க தம்பி," என்றார். அன்றே போய் எடுத்து வந்தேன்.

மறுபடியும்

சில வாரம் கழித்து அக்கா திரும்ப வந்தார். அண்ணன் பேசுவதில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார், சோற்றையும் தள்ளிவிடுகிறார். பலகை வேண்டுமாம், அக்கா தள்ளுவதற்கு லேசாக, இன்னும் நீளமாக. சாய்வு குறைந்தால் ஓரத்தை இன்னும் மெல்லிசாகச் சீவ வேண்டும். அதற்கு நான் பயப்படவில்லை.

"கடைக்குத்தானே போவாரு அக்கா?" என்றேன்.

"போகட்டும்லா. நானே தள்ளிட்டுப் போறேன். பாலும் சீனியும் இல்லாம தே ஓ கோசோங் குடிச்சிட்டு, கூட்டாளிங்களோட நாலு வார்த்த பேசட்டும். வீட்லயே கெடந்து சாகறதுக்கா ரெண்டு காலையும் குடுத்தாரு?"

வெட்டிக் கொடுத்துவிட்டேன். எந்தக் கோணம் என்று கேளுங்கள், சட்டென்று சொல்வேன். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.