வாயைத் திறங்க, மண்டோர்

நீல விளிம்பு வைத்த அந்தப் பீங்கான் குவளை இன்னும் என் சமையல்கட்டில் இருக்கிறது. மலேசியாவில் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிரசராக இருந்தபோது, விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அதில்தான் தண்ணீர் கொண்டுபோவேன். இரத்த அழுத்தக்காரர்கள் அங்கேயே என் கண்முன் மாத்திரை விழுங்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தால் பாதி சாக்கடைக்குப் போகிறதென்று நான் போட்ட சட்டம். அதில் முதல் குற்றவாளி எங்கள் மண்டோர். முப்பது பேரை அதட்டி வேலை வாங்கும் மனுஷன், மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி அப்பால் போய்த் துப்புவார். "மாதா கோயில்ல நன்மை அப்பம் வாங்குற மாதிரி வாயைத் திறங்க, மண்டோர்" என்பேன். வரிசையே சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே நாக்கைத் தூக்கிக் காட்டுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் புது மாத்திரை வந்தது. அவருக்கு அழுத்தம் மளமளவென்று இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மாதம் போயிருக்கும். "தொண்டை எரியுது டிரசர், இன்னிக்கு வேணாம்லா" என்றார். பழைய ஆட்டம் என்று நினைத்தேன். "கதை விடாதீங்க" என்றதும் விழுங்கினார். மறுநாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் காய்ச்சலில் பெரட்டுக்கே வரவில்லை. நான் மாத்திரையோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வாய் முழுக்கப் புண். இரத்தத்தில் வெள்ளை அணுக்களே அநேகமாக இல்லை. அந்த மாத்திரை அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையில் அவை உண்டாவதையே நிறுத்திவிடுமாம்; தொண்டை வலித்த அன்றே மாத்திரையை நிறுத்தி இரத்தம் பார்த்திருக்க வேண்டுமாம். மூன்றாம் நாள் மண்டோர் இறந்துபோனார். அந்த வாயைத் தினமும் திறந்து பார்த்தவன் நான். மாத்திரை உள்ளே போய்விட்டதா என்று மட்டும் பார்த்தேன்.

அடக்கத்தன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னீங்கன்னு ஒரு நாளுகூட விடல டிரசர்" என்று அழுதார். நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி சொல்ல ஆளில்லை. சொல்லாததைச் சுமந்தே அலுத்துப்போய்விட்டது.

இப்போது எனக்கும் பிரஷர். காலையில் குவளையில் தண்ணீர் எடுத்துவைத்துவிட்டுக் கண்ணாடி முன் வாயைத் திறக்கிறேன். டார்ச் அடித்துக் கன்னம், நாக்கு, தொண்டை எல்லாம் பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் விழுங்குகிறேன்.