மூணு துள்ளல்

என் தங்கச்சி வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், ஆசைப்பட்டு வாங்கின பழைய வெளிநாட்டு காருக்கு ஒரு கெட்ட பழக்கம். சூடாக இருக்கும்போது நிறுத்தினால், ஆறினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். கடலூர் மார்க்கெட்டில் மீன் பையோடு வெயிலில் நின்ற அன்றைக்கே தங்கச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கிழமை டெஸ்ட் பண்ணுங்க. இன்ஜின் போயிருந்தா திங்கக்கிழமை வண்டி காயலாங்கடைக்கு. அண்ணாமலை நகர் ஆபீசுக்கு நான் பஸ்லயே போய்க்கிறேன்."

மச்சானுக்கு அந்த வாரம் சோறே இறங்கவில்லை.

அது ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் இரண்டு உள்ளே சுற்றும். ஒவ்வொன்றின் மூன்று பக்கமும் தனித்தனியாகக் காற்றை அழுத்தணும். வீடியோ பார்த்தே இதெல்லாம் கற்றவன் நான். ஞாயிறன்று இன்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தம் அளக்கிற கேஜைத் திருகினேன். மச்சான் சாவி போட்டார். முள் விர்ரென்று ஏறி நின்றது.

"பாத்தியா! சிங்கம்டி!" என்று தங்கச்சியைப் பார்த்துக் கத்தினார்.

"இருங்க மச்சான். இது மூணுல நல்லா அழுத்துற பக்கம் மட்டும். மத்த ரெண்டும் அது பின்னால ஒளிஞ்சிருக்கு."

கேஜில் காற்றைப் பிடித்துவைக்கிற குட்டி வால்வை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் முள் ஏறி இறங்கியது. கண்ணுக்குப் பிடிபடாத வேகம். தங்கச்சி செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்தாள். பார்த்தோம். மூணு துள்ளல், மூணும் ஒரே உயரம். அடுத்த ரோட்டரும் அப்படியே. ஆனால் உயரம்தான் போதவில்லை.

"கம்மிதானே? காயலாங்கடைக்காரர் நம்பர் யார்கிட்ட இருக்கு?"

"அவசரப்படாத. ஒரு துள்ளல் மட்டும் படுத்திருந்தா, ரோட்டர்ல காத்த அடைச்சு வெக்கிற சீல் ஒடஞ்சிருக்குன்னு அர்த்தம். மூணும் சேந்து கம்மின்னா தேய்மானமா இருக்கலாம், இல்ல மெதுவா சுத்துனதாலயும் இருக்கலாம். ஸ்டார்ட்டர் பாரு, சாப்புடாதவன் மாதிரி இழுக்குது. வேற பேட்டரி போட்டுப் பாப்போம்."

"உன் மச்சான் மாதிரின்னு சொல்லு."

மச்சானின் தேவனாம்பட்டினத்துச் சிநேகிதர் தன் மீன்லோடு வண்டியின் பேட்டரியைக் கொண்டுவந்தார். "இதுலயே கொழம்பு வெக்கலாம் போலருக்கு" என்று தங்கச்சி மூக்கைப் பொத்தினாள். இன்ஜினை மறுபடி சூடாக்கி, கேஜை மாட்டினோம். இந்தத் தடவை ஸ்டார்ட்டர் சீறியது. அதே மூணு துள்ளல், அதே சமம், இப்போது நல்ல உயரம்! குறை கண்டுபிடிக்கவே தங்கச்சி, மறுபடி எடுத்த வீடியோவுக்குத் தாளமாகத் தொடையில் தட்டிப் பார்த்தாள்: "தகிட, தகிட..." ஒன்றும் பிசகவில்லை.

"ரொம்ப ஆடாதீங்க" என்றாள் தங்கச்சி. "இதே பேட்டரியோட சிதம்பரம் போவோம். வண்டிய ஆஃப் பண்ணிட்டுத்தான் காபி. சூட்டோட திரும்ப ஸ்டார்ட் ஆவுதான்னு பாப்போம்."

சிதம்பரத்தில் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தார் மச்சான். கொதிக்கக் கொதிக்க நின்ற வண்டியில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பு! அவர் போட்ட கூச்சலில் காபிக் கடையே திரும்பிப் பார்த்தது.

தங்கச்சி முன்சீட்டில் ஏறி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நாளைக்கு எட்டு மணிக்கு ரெடியா இருங்க. ஆபீஸ் போவணும். அந்த மீன் பேட்டரிய மட்டும் எடுத்துட்டுப் புதுசு போட்டுடுங்க."