கணவாய் தாண்டிய கார்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை அவருக்கு. அதனால் தெருவுக்கே அவர் கண்ணாடியம்மா. பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். இளவயதிலிருந்து அடுத்தவர் கடையிலேயே குனிந்து வேலை பார்த்தவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள், "இனிமே சொந்தக் கடைதான்" என்று முடிவெடுத்தார். வெகுதூரத்தில், கண்ணாடிக் கடையே இல்லாத ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில் இடம் கிடைத்தது. பக்கத்திலேயே வீடும் அமைந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கணவர், "நீ போற இடத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டா போதும்" என்று சொல்லிவிட்டார்.

சாமான்களை லாரி கொண்டுபோய்விடும். கார்தான் தலைவலி.

வெள்ளையாகப் பிறந்து பழுப்பாகிப் போன கார் அது. நாற்பதுக்கு மேல் அவர் ஓட்டப் பழகியதே அதில்தான். முதல் வாரமே தெருமுனைக் கம்பத்தில் மோதி காரின் முன்விளக்கை உடைத்தார். மறுநாள் காலையில் அதே கம்பத்தை எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு வட்டமடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அப்படிப்பட்ட ஆள்.

கார்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பம்பரைத் தொட்டார். அது ஆடியது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கயிறு கட்டி இழுத்தா பம்பர் மட்டும்தான் என்கூட வரும். வண்டி இங்கயே நிக்கும்."

கூட இருந்த கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். "பேசாம எடைக்குப் போட்டுடுங்க அண்ணி. நடுவுல அவ்வளவு பெரிய கணவாய் இருக்கு. புது வண்டிக்கே மூச்சு வாங்கும்."

"அப்போ நானே ஓட்டிட்டுப் போறேன்."

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டார். கணவர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "நான் முன்னாடி உக்காந்துக்கட்டுமா? பின்னாடின்னா எனக்குக் குமட்டும்."

"முன்னாடியே உக்காருங்க. பயமா இருந்தா வெளியில காட்டிக்காதீங்க, அது போதும்."

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் டயர்களை மாற்றி, பம்பரை முடுக்கி, "எங்க நின்னாலும் ஒரு போன் போடுங்கக்கா" என்று அனுப்பிவைத்தார்.

சமதளத்தில் கார் சமர்த்தாக ஓடியது. கணவாய் ஏறத் தொடங்கியதும் குணத்தைக் காட்டியது. பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. கண்ணாடியம்மா ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"ஏசி போட்டிருக்கீங்களாக்கா?"

"அது செத்துப் பல வருஷம் ஆச்சு."

"ஹீட்டர்?"

"இருக்கு. யார் போட்டுப் பாத்தா?"

"நல்லா ஆறட்டும். அப்புறம் தண்ணி ஊத்துங்க. ஹீட்டரை முழுசாத் திருப்பி வெச்சு, மெதுவா ஏத்துங்க. இன்ஜின் சூட்டை அது உள்ள இழுத்துக்கும்."

"உள்ளன்னா எங்க?"

"உங்க ரெண்டு பேர் மேலதான்க்கா."

உச்சி வெயில். இன்ஜின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஹீட்டரைத் திருப்பினார்கள். அனல் முகத்தில் அறைந்தது. கணவரின் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"என்னை இஸ்திரி போடுற மாதிரி இருக்கு" என்றார்.

"சுருக்கம் போனா நல்லதுதானே. முள்ளைப் பாத்துச் சொல்லுங்க."

வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற குரலில் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "முக்கால்... முக்காலுக்குக் கொஞ்சம் மேல... பதறாதே, இறங்குது... முக்காலுக்குக் கீழ வந்துட்டோம்!"

பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. "அடிச்சுக்கோ ராசா. நீ அடிச்சா கணவாய் குனிஞ்சா கொடுக்கப்போகுது?" என்றபடி கண்ணாடியம்மா அதே வேகத்தில் வளைவு வளைவாக ஏற்றினார். கை வழுக்கியது, புடவையில் துடைத்துக்கொண்டார். கடைசி வளைவில் இன்ஜின் ஒரு கணம் இருமியது. "நின்னேன்னா உன்னைத் தொலைச்சுடுவேன்" என்று அதட்டினார். கார் நிற்கவில்லை. திடீரென்று சாலை சமமானது. எதிரே வானம் மட்டும்தான் இருந்தது.

இறங்கி, பானெட்டை ஓங்கித் தட்டினார். உள்ளங்கை சுட்டது. அதற்கும் சிரித்தார். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனின் போன்.

"அண்ணி, எங்க நின்னு போச்சு?"

"உச்சியில. நானாத்தான் நிறுத்தினேன். காத்து அவ்வளவு நல்லா இருக்கு!"

"அண்ணி, நிஜமாவா?" என்று மறுமுனையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

மாலை வெயிலில் புது ஊருக்குள் நுழைந்தார்கள். தலை கலைந்து, முகம் சிவந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் கண்ணாடியம்மா. கடைத்தெரு ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏம்மா, வீடு அங்க இருக்கு. தாண்டிட்டோமே" என்றார் கணவர்.

"தெரியும்" என்று ஹாரனை ஒரு முறை நீளமாக அழுத்தினார். "இன்னொரு சுத்து சுத்திட்டு வருவோம். ஊர் நல்லாப் பாக்கட்டும்."