ஜோஸ் வெட்டிய மேளம்

சாப்பிட்ட கையின் ஈரம்கூடக் காயவில்லை, ஜோஸ் அந்த மேளத்தை மறுபடியும் ஓடவிட்டுவிட்டான். கண் மூடித் திறக்கும் நேரம்தான் சத்தம். உடனே நிறுத்துவான். கம்ப்யூட்டர் திரையில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிற கோட்டில் ஓரிடத்தைத் தொட்டுத் துண்டு போடுவான். துண்டைத் தூக்கி முன்னால் வைப்பான், பின்னால் வைப்பான், திரும்பக் கேட்பான். கேட்டுவிட்டுக் கட்டைவிரல் நகத்தைக் கடிப்பான். கடிப்பதற்கு அங்கே நகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

"கம்பெனியில தோல வெட்றது பத்தலன்னு வூட்ல மேளத்த வெட்றீங்களா?" என்பாள் அவன் மனைவி எப்சி.

அவள் சொல்வதில் தப்பில்லை. ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் அவனுக்குக் கட்டிங் வேலை. தோலை மேசையில் விரித்து, முள் கீறல், ஈக்கடி, சூட்டுத் தழும்பு எங்கெங்கே என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அதற்கேற்ப அச்சை வைப்பான். தழும்பு விழுந்த இடத்தையும் தூர எறிய மாட்டான். மேலே இன்னொரு துண்டு ஏறி மூடுகிற இடமாகப் பார்த்து அதைத் தள்ளிவிடுவான். "வடுவ மடிப்புக்குள்ள தள்ளிட்டா, ஷூ போட்றவனுக்கு இன்னா தெரியப்போவுது?" என்று சிரிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு வாசிப்பதோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. வேலூர் லாங் பஜாரில் ஏதோ ஒரு வெளிநாட்டு சிடியை வாங்கினான். பாட்டுக்கு நடுவே மற்ற வாத்தியமெல்லாம் ஓய்ந்து டிரம் மட்டும் தனியாக நிற்கிற இடத்தைப் பிடித்து, வெட்டி, மாற்றி மாற்றி அடுக்கியே புதுப் பாட்டு செய்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பித்துப் பிடித்துப்போனது. தங்கை ஜெயசீலிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், ஆடுவதற்கு நானே ஒரு பாட்டு செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டான்.

மேளத்துக்கு எங்கே போவது? அந்தச் சமயம் பார்த்து அடுத்த தெரு அமிர்தவள்ளியம்மா காலமாகிப்போனார். சவ ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்போது பம்பைக்காரர்கள் நிறுத்திக்கொள்வார்கள், மேளக்காரர் முனிரத்தினம் மட்டும் தனியாக அடிப்பார். மாடியில் டேப் ரெக்கார்டரை வைத்து அந்த அடியைப் பிடித்துவிட்டான் ஜோஸ். திருடினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. காரியம் முடிந்ததும் போய்க் கேட்டான்.

"எட்த்துக்கோபா, என் கை இன்னா தேஞ்சா போவுது?" என்றார் முனிரத்தினம். "ஆனா கல்யாணத்துல போட்டு, மாப்ள வூட்டுக்காரன் ஒதைக்க வந்தான்னா என் பேர சொல்லிடாத."

உதைக்கு ஜோஸ் பயப்படவில்லை. சாவு மேளம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாதபடி அதைக் கொத்தி, அடுக்கை மாற்றித் துள்ள வைத்துவிட்டான். பயமெல்லாம் ஒரே ஒரு துண்டைப் பற்றித்தான். மேளத்தில் குச்சி விழுகிற அதே நொடியில், "எம்மா" என்று ஓர் அழுகை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அமிர்தவள்ளியம்மாவின் மகள் பூங்குழலியின் குரல். கம்பெனியில் அவன் வெட்டித் தருகிற தோலைத் தைக்கிறவள். அழுகையை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. துண்டையே எடுத்தாலோ தாளம் நொண்டியது.

"வேற மேளத்த போடுங்களேன், இன்னா கொறஞ்சி போச்சு?" என்றாள் எப்சி.

"அந்த அடி வேற எங்கயும் கெடைக்காதுடி. மேல கீபோர்டு பேஸ் சத்தத்த ஏத்தி மூடிட்டேன். கேளு. கேக்குதா?"

"கேக்கல."

"நல்லா கேளு."

"கேக்கலன்னு சொல்றேன்ல? பேஜார் பண்ணாதீங்க."

அப்படியும் அவன் நெஞ்சு அடங்கவில்லை. கம்பெனியில் பூங்குழலி தும்மினாலே அவன் கை அச்சின்மேல் நின்றுவிடும். ஒருநாள் அவளே மேசையருகே வந்தாள். "ஜோஸண்ணே, கல்யாணத்துக்கு நான் வரலாம்ல? சாவு வுழுந்த வூடுன்னு யாரும் மூஞ்ச சுளிக்க மாட்டாங்களே?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? கண்டிப்பா வரணும்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

வந்தாள். கோயில் ஹாலில் வரவேற்பு. பாட்டைப் போட்டதும் இளவட்டங்கள் எழுந்து ஆட, மாப்பிள்ளையே மேடையிலிருந்து கைதட்டினார். வீட்டின் குட்டி ஸ்பீக்கரில் பேஸுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தது, ஹாலின் ஆளுயரப் பெட்டியில் பளிச்சென்று வெளியே வந்துவிட்டது. "எம்மா." ஆடுகிறவர்கள் அதையும் பாட்டென்றே எடுத்துக்கொண்டு, "எம்மா!" என்று கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

பூங்குழலி தலையை நிமிர்த்தினாள். யாரோ கூப்பிட்ட மாதிரி சுற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு நேராக ஜோஸிடம் வந்து நின்றாள்.

"ஜோஸண்ணே, இப்ப வந்துச்சே, அது யாரு கொரலு?"

அடுத்த சுற்றில் அந்தத் துண்டு மறுபடியும் வரும். இதோ வரப்போகிறது. ஆடுகிறவர்கள் அதற்காகவே கையைத் தூக்கிக் காத்திருந்தார்கள். ஜோஸ் குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

ஹால் அப்படியே நின்றது. "இன்னாபா ஆச்சு?" என்று நாலு பக்கமும் சத்தம்.

"கரண்டு போச்சு" என்றான் ஜோஸ்.

தலைக்கு மேலே மின்விசிறிகள் சுழன்றன. மேடையில் சீரியல் விளக்குகள் ஓடி ஓடி எரிந்தன. பூங்குழலி விசிறியை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"கரண்டு போச்சும்மா" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடித்திருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.