கொடி இறங்கும் வரை

என் அண்ணனின் சாவை எங்கள் வீதி ஏழு நாள் தள்ளிப்போட்டது. இதை ஆறின மனசோடு சொல்ல எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஆறவில்லை. வயிறு இன்னும் எரிகிறது, அப்படியே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. இலங்கைக்கு நம் பட்டாளம் போயிருந்த நேரம். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது, பட்டாளத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தையற்காரர். கார்த்திகைத் திருவிழாவில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைத் துணிகளைத் தைப்பது அவர்தான். வீடும் தேர் போகிற வீதியிலேயே இருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்.

திருவிழாவின் மூன்றாம் நாள், அம்மா பூ வாங்கப் போயிருந்தபோது தந்தி வந்தது. அப்பா பிரித்து என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ்ல இருக்குது, படிம்மா. லீவு கெடைச்சிட்டாப்ல இருக்குது."

சண்டையில் இறந்துவிட்டான், ராணுவ மரியாதையோடு அங்கேயே எரித்துவிட்டார்கள், சாம்பல் பின்னால் வரும். இவ்வளவுதான் இருந்தது. "அண்ணன்" என்ற சொல்லுக்கு மேல் எனக்கு நாக்கு புரளவில்லை. மீதியை அப்பா என் முகத்தில் பார்த்துக்கொண்டார்.

அவர் அம்மாவைத் தேடிப் பூக்கடைக்கு ஓடியிருக்கலாம். ஓடியது வீதிப் பெரியவரிடம். தேங்காய் மண்டி வைத்திருந்தவர், திருவிழாவில் எங்கள் வீதி உபயத்தை நடத்துகிறவர். சாவு விழுந்த வீட்டுக்காரன் கை பட்ட துணி தேரில் தொங்கக் கூடாது, முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு நினைப்பு. பெற்ற பிள்ளை போய்விட்டான், அந்த மனுஷனுக்குத் தொம்பை ஞாபகம்.

பெரியவர் அப்பாவோடு வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"டெய்லரே, கொடி ஏறியிருக்குது. தொம்பையெல்லாம் கட்டியாச்சு. இப்ப அவுத்துட்டு வேற தைக்கறதுக்கு நாள் ஏது? தூர தேசத்துச் சாவுக்குக் காதுல விழுந்த அன்னிக்கிலருந்துதான் தீட்டு. தந்தி இன்னும் வரலைன்னு வெச்சிக்கங்க. கொடி எறங்கின மறுநாள் பிரிச்சிக்கலாம்."

"அவ பெத்தவளுங்க, மொதலாளி" என்றார் அப்பா.

"நான் இல்லைன்னா சொன்னேன்? ஒடம்பா வரப்போவுது, காத்துக்கிட்டு இருக்கறதுக்கு?"

அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட்டிருக்க வேண்டும். நான் சுவரோடு சுவராக நின்றேன். அவர் போனதும் அப்பா மைதாப் பசையைக் கொண்டுவந்து தந்தியைப் பழையபடி ஒட்டினார். வேலை சுத்தமான தையற்காரர், பிரித்த தடமே தெரியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும் கேக்கலைம்மா" என்றார்.

ஏழு நாள் அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். தீபத்துக்குப் பொரி உருண்டை பிடித்தாள். லீவில் வந்தால் கேட்பான் என்று நாலு உருண்டையைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். நான் கிணற்றடியில் அழுதுவிட்டு வருவேன். "கண்ணு ஏண்டி செவந்திருக்குது?" என்பாள். சோப்பு பட்டுவிட்டது என்பேன். பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக எனக்கு வரும் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

தேர் ஓடி நிலைக்கு வந்த மறுநாள் காலை, சுவாமி எங்கள் வாசலில் நின்றது. அம்மா அர்ச்சனைத் தட்டோடு முன்னால் போனாள். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். மேளச் சத்தத்தில் அம்மாவின் குரல் எடுபடவில்லை.

"நீ சொல்லுடி. சத்தமா சொல்லு" என்று என்னைத் தள்ளினாள்.

சாம்பலாகிப் போனவனின் பெயரையும் நட்சத்திரத்தையும் நான் சத்தமாகச் சொன்னேன். அவனுக்கு ஆயுசு வேண்டி மந்திரம் சொன்னார்கள். அம்மா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர் இரண்டடி தள்ளிக் கைகூப்பி நின்றார். தொம்பையில் ஒட்டும் தீட்டு, அர்ச்சனைத் தட்டில் ஒட்டாது போலிருக்கிறது.

கொடி இறங்கிய மறுநாள், அப்பா வெளியே போய்விட்டு அப்போதுதான் வாங்கியவர்போலத் தந்தியோடு வந்தார். அம்மா போட்ட சத்தத்தில் வீதியே கூடிவிட்டது. கூடியவர்களில் பாதிப் பேருக்கு முன்பே தெரியும். பெரியவர் வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஏழு நாள் எங்கள் வீட்டுக் கோலத்தைத் தாண்டிப் போனவர்கள். "நம்ம ஜனங்களையே சுடப் போனவன்தானே" என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னானாம். அவன்மேலும் கோபம்தான். ஆனால் அவன் மனசில் இருந்ததைச் சொன்னான், இவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, அண்ணனின் சர்டிபிகேட்டுகளோடு வைப்பதற்காக அம்மா தந்தியை எடுத்தாள். முத்திரையில் தேதி இருந்தது. தினமும் காலண்டர் கிழிப்பது அவள்தான். விரல் விட்டு எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

"இது எப்ப வந்துது?"

"கொடி ஏறியிருந்துச்சு" என்றார் அப்பா.

அம்மா என்னிடம் வந்தாள். "தட்டு குடுத்தேனே, அன்னிக்கு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சத்தமா வேற சொன்ன" என்றாள், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, தபால்காரர் எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அண்ணனின் கடிதங்கள். வந்த அன்றைக்கே ஒவ்வொன்றையும் நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவள் கீழே உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கயும் எல்லாரும் தமிழ்தான் பேசறாங்கம்மா" என்று அவர் படித்தார். "கடையில டீ கேட்டா குடுக்கறாங்க. முகத்தைத்தான் பாக்க மாட்டேங்கறாங்க. ராத்திரில தூக்கம் வர மாட்டேங்குது. எனக்கு இங்க பயமா இருக்குதும்மா."

முகத்தைப் பற்றியும், தூக்கத்தைப் பற்றியும், பயத்தைப் பற்றியும் எழுதியிருந்ததை நான் அன்றைக்குப் படிக்கவில்லை. அவள் கவலைப்படுவாள் என்று விட்டுவிட்டு, நல்லா இருக்கேன் என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

நான் வாசற்படியில் நிற்பது அம்மாவுக்குத் தெரியும். திரும்பவில்லை.

"அடுத்ததைப் படிங்க" என்றாள் அவரிடம்.